நம்ம கோடுக்கு அரசியல் உண்டா? மேல்சித்தாமூரிலிருந்து ஓஎம்ஆர் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)



ஐடில வேலை பார்க்கிற யார்கிட்டயாவது "உங்க அரசியல் என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் உண்டு, என் லேப்டாப் உண்டு." அதே ஆள் சாயங்காலம் டீக்கடையில நிக்கும்போது டேட்டா யாருக்குச் சொந்தம், ஹெச்1பி விசா ஏன் இப்படி ஆச்சு, ரிசர்வேஷன் சரியா தப்பா, ஏஐ வந்தா யாருக்கு வேலை போகும்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. இதுல எது அரசியல் இல்ல?

இன்னைக்கு எபிசோட்ல அதைத்தான் பேசப்போறோம். புரோகிராமர்களோட அரசியல் சாய்வு என்ன? இடதா, வலதா, திராவிடமா, தேசியமா, "மார்க்கெட் பார்த்துக்கும்" கட்சியா? முதல்லயே சொல்லிடறேன், எந்தக் கட்சிக்கு ஓட்டுன்னு கணக்கெடுக்கிறது என் வேலை இல்ல. ஒரு புரோகிராமர் தன்னோட வேலையைச் செய்யும்போதே எந்தெந்த இடத்துல அரசியலுக்குள்ள வந்துடறார்னு பார்க்கலாம்.

நகல் எடுத்தால் புண்ணியம்

ஆரம்பிக்கிற இடம் கொஞ்சம் விசித்திரமா இருக்கும். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல மேல்சித்தாமூர்னு ஒரு ஊர். விழுப்புரம் மாவட்டம். தமிழ்ச் சமணர்களோட தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கதான் இருக்கு. பார்சுவநாதர் கோயில் இருக்கு. ஓலைச்சுவடிகள் இருக்கு. சென்னையில இருந்து திண்டிவனம் வழியா செஞ்சிக்கு, திருவண்ணாமலைக்குப் போறவங்கள்ல நிறைய பேருக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு ஊர் இருக்கிறதே தெரியாது.

புரோகிராமர் எபிசோட்ல சமண மடம் எதுக்கு? காரணம் இருக்கு. சமண மரபுல நாலு தானம் சொல்வாங்க. அன்னதானம், அபயதானம், ஔடத தானம், சாத்திர தானம். பசிக்குச் சோறு, பயந்தவனுக்கு அடைக்கலம், நோய்க்கு மருந்து, நாலாவதா நூல். அதாவது ஒரு நூலைப் படியெடுக்க வச்சு இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது ஒரு தானம். பனையோலை ரொம்ப நாள் தாங்காது. பூச்சி அரிக்கும், ஒடியும். சில தலைமுறைக்கு ஒருமுறை புதுசா எழுதலைன்னா நூலே போயிடும். அதனால நகல் எடுக்கிறதைத் தப்புன்னு யாரும் பார்க்கல, புண்ணியம்னு பார்த்தாங்க. கர்நாடகத்துல 10-ஆம் நூற்றாண்டுல அத்திமப்பேன்னு ஒரு அம்மா, பொன்னன்கிற கவிஞர் எழுதின சாந்திபுராணத்தை 1,000 படி எடுக்கவச்சு தானமா கொடுத்ததா சொல்வாங்க. அச்சுக்கூடம் இல்லாத காலத்துல 1,000 பிரதி!

இப்போ இதை அப்படியே தூக்கி 1983-க்குக் கொண்டு போங்க. அமெரிக்காவில எம்ஐடில இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், க்னூ திட்டத்தை அறிவிக்கிறார். மென்பொருளை யார் வேணா ஓட்டலாம், உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலாம், மாத்தலாம், நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமைகளை யாரும் பறிக்க முடியாதபடி 1989-ல ஜிபிஎல்னு ஒரு உரிமம் எழுதினார். அங்கேயும் நாலு, இங்கேயும் நாலு. எண்ணிக்கை ஒத்துப்போறது தற்செயல்தான். சுவடி எழுதினவங்களை எல்லாம் லினக்ஸ் ஆட்கள்னு நான் சொல்ல வரல. அந்தக் காலத்துல யாருக்குப் படிக்கத் தெரியும், யார் கைக்குச் சுவடி போகும்கிறதுல ஆயிரம் தடை இருந்துச்சு. ஆனா கேள்வி ஒண்ணுதான். அறிவை நகல் எடுத்துக் கொடுக்கிறது தானமா, திருட்டா? இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னாலும் அது அரசியல் பதில்தான்.

ஒரே கோட், ரெண்டு கட்சி

சுவாரசியமான இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. இதே கோடை வச்சுக்கிட்டு எதிரெதிர் அரசியல் பேசினவங்க இருக்காங்க.

ஸ்டால்மன் பேசுறது சுதந்திரம், சமூகம், பகிர்வு. 1998-ல நெட்ஸ்கேப் நிறுவனம் தன்னோட பிரவுசர் கோடை வெளியிடறேன்னு அறிவிக்குது. அந்தச் சமயத்துல ஒரு கூட்டம் உட்கார்ந்து, "சுதந்திரம், தர்மம்னெல்லாம் பேசினா கம்பெனிக்காரங்க பயந்துடறாங்க, வேற பேர் வைப்போம்"னு யோசிச்சாங்க. அப்படி வந்த பேர்தான் ஓப்பன் சோர்ஸ். அதை முன்னால நின்னு பரப்பினவர்கள்ல ஒருத்தர் எரிக் ரேமண்ட். அவர் வெளிப்படையான லிபர்டேரியன். அரசாங்கம் எவ்வளவு சின்னதா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறவர். சந்தைக்கடை மாதிரி எல்லாரும் வந்து அவங்கவங்க இஷ்டத்துக்கு வேலை பார்த்தா நல்ல மென்பொருள் வரும்கிறது அவர் வாதம்.

ஆக, ஒரே லினக்ஸ். ஒருத்தர் அதைப் பார்த்து "பொதுவுடைமை மாதிரி இருக்கே"ன்னு சந்தோஷப்படறார். இன்னொருத்தர் "தடையில்லாத சந்தை மாதிரி இருக்கே"ன்னு சந்தோஷப்படறார். ரெண்டு பேரும் ஒரே இடத்துல கோட் போடறாங்க. புரோகிராமர்னாலே இடதுசாரி, இல்ல புரோகிராமர்னாலே வலதுசாரின்னு யாராவது சொன்னா, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்தியாவுக்கு வந்ததும் இது இன்னும் வேற மாதிரி ஆச்சு. 2001-ல திருவனந்தபுரத்துல இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கினாங்க. ஸ்டால்மனே வந்திருந்தார். கேரளாவில ஆசிரியர் சங்கம், இடதுசாரி இயக்கங்கள், பள்ளிக்கூடம்னு எல்லாம் சேர்ந்து இதை ஒரு மக்கள் விஷயமாவே எடுத்துக்கிட்டாங்க. அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின.

தமிழ்நாட்டுல நடந்தது வேற. இங்கேயும் 2000-களோட பின்பாதியில, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்புல இருந்தப்போ எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் போச்சு. ஆனா அது ஒரு அதிகாரியோட முயற்சியா, டெண்டர் விஷயமா இருந்துச்சே தவிர, தெருவுக்கு வரல. அப்புறம் 2011-ல இலவச லேப்டாப் திட்டம் வந்தப்போ, மாணவர்கள் கைக்கு வந்த மெஷின்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எதை ஓப்பன் பண்ணியிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா? அந்த லேப்டாப் வாங்கின தலைமுறை இப்போ இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் தெருவுக்கு வந்த ஒரு இடம் உண்டு, அது சென்னை இல்ல. விழுப்புரம். விழுப்புரம் க்னூ லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமா விஜிளக். விழுப்புரத்தைச் சுத்தி இருக்கிற கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் காசு வாங்காம கோடிங் சொல்லித் தர்றாங்க. பக்கத்துல புதுச்சேரியில கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கு. தமிழ்ல எழுதறதுக்குன்னு 2012-ல தொடங்கின கணியம் இதழ் இருக்கு. அதுல வர்ற கட்டுரைகளை யார் வேணா எடுத்துப் பகிரலாம்.

இவங்க யாரும் மேடை போட்டு ஓட்டு கேட்கல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. திண்டிவனத்துல படிக்கிற ஒரு பொண்ணு, பெரிய ஃபீஸ் கட்டி கோர்ஸ் சேர முடியாத பொண்ணு, இன்னொருத்தர் இலவசமா சொல்லிக்கொடுத்ததால, இன்னொருத்தர் திறந்து வச்ச கோடைப் படிச்சு வேலைக்குப் போறா. அந்தப் பொண்ணுக்கு "நகல் எடுக்கிறது திருட்டா, தானமா?"ங்கிற கேள்வி தத்துவம் இல்ல, சம்பளம்.

ஐந்து எழுத்துக்காக ஒரு சண்டை

அடுத்து, எழுத்து. கணினில தமிழ் எப்படி வரணும்கிறது டெக்னிக்கல் விஷயம்னுதான் தோணும். 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடந்துச்சு, தமிழ்99 விசைப்பலகை அதுல இருந்து வந்தது. ஒரு கீபோர்டுக்கே அரசாங்கம் மாநாடு போட்ட ஊர் இது.

2010-ல நடந்தது இன்னும் பெருசு. கிரந்த எழுத்துகளை யூனிகோட்ல சேர்க்கணும்னு முன்மொழிவு போச்சு. சேர்க்கிறதுல கூட அவ்வளவு பிரச்சினை இல்ல. அந்தக் கிரந்தப் பட்டியலுக்குள்ள தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன எழுத்துகளையும் வைக்கணும்னு ஒரு யோசனை இருந்துச்சு. அவ்வளவுதான். தமிழ் அறிஞர்கள், திராவிடர் கழகம், தமிழ் அமைப்புகள் எல்லாம் கொந்தளிச்சாங்க. முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். யூனிகோட் கூட்டமைப்புங்கிறது எங்கேயோ கலிஃபோர்னியாவுல இருக்கிற ஒரு தொழில்நுட்ப அமைப்பு. அங்கே ஒரு அட்டவணையில சில கட்டங்களை நிரப்பறதா வேணாமான்னு இங்கே அரசியல் நடந்துச்சு. கடைசியில 2014-ல யூனிகோட் 7.0-ல கிரந்தம் சேர்ந்தது, அந்தத் தமிழ் எழுத்துகள் இல்லாம.

இதுல மேல்சித்தாமூர் பக்கத்து ஆட்கள் எங்கே நிக்கிறாங்கன்னு யோசிச்சா, விஷயம் இன்னும் சிக்கலாகும். தமிழ்ச் சமணர்கள் போற்றுகிற ஸ்ரீபுராணம் மணிப்பிரவாளத்துல இருக்கு. தமிழும் வடமொழியும் கலந்த நடை. அந்த மாதிரி நூலை எழுதறதுக்குக் கிரந்த எழுத்து வேணும். சென்னையில ஒருத்தருக்குக் கிரந்தம்னா ஆதிக்கத்தோட அடையாளம். இந்த ஊர்ல ஒருத்தருக்கு அது தாத்தா படிச்ச புராணம். ரெண்டு பேரும் தமிழர்தான், ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அந்த ஐந்து எழுத்துகளைத் தனியா காப்பாத்தணும்னு சொன்னவங்க பயம் பொய் இல்ல. பழைய சுவடியைக் கணினில ஏத்தணும்னா கிரந்தம் வேணும்னு சொன்னவங்க தேவையும் பொய் இல்ல. முடிவு ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்துக்கிட்டது. அந்த முடிவை எடுக்க உட்கார்ந்தவங்கள்ல எழுத்துருவும் கோடும் தெரிஞ்சவங்க இருந்தாங்க. "நான் டெக்னிக்கல் ஆளுங்க, எனக்கு அரசியல் தெரியாது"ன்னு அந்த மேஜையில உட்கார்ந்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

முதலாளி அரசியல், ஊழியர் அரசியல்

சரி, இப்போ கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வரலாம். டெக் ஆட்களோட அரசியல்னு நாம பேசும்போது, பெரும்பாலும் யாரைப் பத்திப் பேசறோம்? முதலாளிகளை. எலான் மஸ்க் என்ன ட்வீட் போட்டார், ஸக்கர்பெர்க் யார்கூட சாப்பிட்டார். நம்ம ஊர்ல ஸோஹோ ஸ்ரீதர் வேம்பு. 2020-ல சென்னையில ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சியில சிறப்பு விருந்தினரா அவர் கலந்துக்கிறதைப் பத்தி ட்விட்டர்ல பெரிய சண்டை நடந்துச்சு. ஆதரிச்சவங்களும் உண்டு, எதிர்த்தவங்களும் உண்டு. ஆனா அந்தச் சண்டையில ஒரு கேள்வி காணாமப் போச்சு. ஒரு நிறுவனத்தைத் தொடங்கினவர் அரசியல்தான் அங்கே கோட் எழுதற எல்லாரோட அரசியலுமா?

இதுக்கு அமெரிக்காவில ஒரு ஆய்வு இருக்கு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த புரூக்மன், மல்ஹோத்ரா, அவங்களோட பத்திரிகையாளர் ஃபெரென்ஸ்டைன், மூணு பேரும் 2017-ல வெளியிட்டாங்க. 600-க்கும் மேற்பட்ட டெக் நிறுவனர்களைக் கேட்டாங்க. கிடைச்ச பதில் வழக்கமான எந்தப் பெட்டிக்குள்ளயும் அடங்கல. பணக்காரர்களுக்கு வரி போடலாமா? போடலாம். ஏழைகளுக்கு அரசு செலவழிக்கலாமா? செலவழிக்கலாம். ஓரினத் திருமணம்? சரி. வெளிநாட்டு வர்த்தகம்? சரி. இதுவரைக்கும் கேட்டா இடது பக்கம். ஆனா கம்பெனிகளுக்கு அரசு கட்டுப்பாடு போடலாமா, தொழிற்சங்கம் வேணுமான்னு கேட்டா, பதில் அப்படியே வலது பக்கம் போயிடுச்சு. அதாவது, "வரி வேணா வாங்கிக்கோ, ஆனா என் கம்பெனிக்குள்ள வராதே."

நல்ல மனுஷனா இருக்கிறதுக்கும், ஊழியருக்கு உரிமை கொடுக்கிறதுக்கும் தனித்தனிக் கணக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு ஊழியர்கள் பக்கம் வாங்க.

கூகுள்ல 2018-ல அமெரிக்க ராணுவத்துக்கான மேவன் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்துப் போட்டாங்க. நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதத்தை எதிர்த்து உலகம் முழுக்க சுமார் 20,000 பேர் வேலையை விட்டு வெளிய வந்து நின்னாங்க. 2024 ஏப்ரல்ல இஸ்ரேல் அரசோட கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்து ஆபீஸுக்குள்ளயே உட்கார்ந்து போராடினவங்களை நிறுவனம் வேலையை விட்டுத் தூக்குச்சு. ஆறு வருஷத்துல காத்து எப்படி மாறிச்சு பாருங்க. ஊழியர் தேவைப்பட்ட காலத்துல கேட்டாங்க, ஆள் நிறைய கிடைக்கிற காலத்துல கேட்கல.

தமிழ்நாட்டுல? இங்கே கோடோட சம்பந்தமே இல்லாத விஷயத்துக்குத்தான் ஐடி ஊழியர்கள் முதல்ல வெளிய வந்தாங்க. 2008-09 ஈழப்போர் கடைசிக் கட்டம். சென்னை ஐடி ஊழியர்கள் சிலர் சேவ் தமிழ்ஸ்னு ஒரு பேர்ல ஒண்ணு சேர்ந்தாங்க. அந்த வட்டத்துல இருந்து வளர்ந்ததுதான் ஐடி ஊழியர்களுக்கான ஃபைட் அமைப்பு. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக ஓஎம்ஆர்ல ஐடி கார்டு கழுத்துல தொங்க மனிதச் சங்கிலியா நின்னாங்க. இனத்துக்காக, மாட்டுக்காக, மொழிக்காகத் தெருவுக்கு வர நம்ம ஆட்களுக்குத் தயக்கம் இல்ல. தன் வேலைக்காக வரச் சொன்னாத்தான் தயக்கம்.

நீங்க தொழிலாளியா, மேனேஜரா?

ஏன் அந்தத் தயக்கம்? பயம் ஒரு காரணம். வீட்டுக் கடன் இருக்கு, பேர் வெளிய போயிடும், அடுத்த கம்பெனில எடுக்க மாட்டாங்க. இன்னொரு காரணம் இருக்கு, அது பேர்ல இருக்கு. "தொழிலாளி"ன்னு சொன்னா நம்ம மனசுல வர்ற படம் மில்லு, லேத்து, காக்கிச் சட்டை. ஏசி ரூம்ல உட்கார்ந்து ஜாவா எழுதறவர் தன்னைத் தொழிலாளின்னு நினைக்கிறதில்ல. அசோசியேட், கன்சல்டன்ட், லீட், மேனேஜர். டெசிக்னேஷன்ல ஆள் கம்மி, கௌரவம் ஜாஸ்தி.

ஆனா சட்டம் கௌரவத்தைப் பார்க்கிறதில்ல. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்துல, தொழிலாளிங்கிற வரையறைக்குள்ள உடல் உழைப்பு மட்டும் இல்ல. திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை எல்லாம் வரும். நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவங்க வர மாட்டாங்க. அப்போ கேள்வி இதுதான்: நீங்க கோட் எழுதறீங்களா, ஆளை மேய்க்கிறீங்களா?

2014 கடைசியில டிசிஎஸ் நிறுவனத்துல பணிநீக்கம் நடக்குதுன்னு செய்தி வந்துச்சு. 2015 ஜனவரியில, கர்ப்பமா இருந்த ஒரு பெண் ஊழியரோட பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிச்சுது. அவரை நிறுவனம் திரும்ப எடுத்துக்கிச்சு. 2016-ல ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் வச்சுக்கலாம், அதுக்குத் தடை இல்லைன்னு தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்துச்சு. அந்தச் சங்கச் சட்டம் 1926-ஆம் வருஷத்துது. அதுக்குப் பின்னாலயும் சென்னைதான் இருக்கு. 1918-ல இங்கே தொடங்கின சென்னைத் தொழிலாளர் சங்கத்து மேல பின்னி நிறுவனம் வழக்குப் போட்டு, சங்கத் தலைவர்களை நீதிமன்றம் தடுத்துச்சு. சங்கம் நடத்தறவங்களுக்கு இந்தியாவுல சட்டப் பாதுகாப்பே இல்லைன்னு ஊருக்கு அப்பதான் உறைச்சுது. பெரம்பூர் மில் தொழிலாளி வாங்கிக் கொடுத்த சட்டத்தை 90 வருஷம் கழிச்சு ஓஎம்ஆர் புரோகிராமர் கையில எடுத்தார்.

முக்கியமான தீர்ப்பு 2022-ல வந்தது. 2015-ல டிசிஎஸ்ல இருந்து நீக்கப்பட்ட ஒரு ஊழியர் ஏழு வருஷம் வழக்கு நடத்தினார். ஃபைட் துணைக்கு நின்னுச்சு. "இவர் மேனேஜர், தொழிலாளி இல்ல"ங்கிறது நிறுவனத்தோட வாதம். சென்னை தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏத்துக்கல. அவர் பார்த்த வேலை தொழில்நுட்ப வேலை, அவர் தொழிலாளிதான்னு சொல்லித் திரும்ப வேலைக்கு எடுக்க உத்தரவு போட்டுச்சு. விசிட்டிங் கார்டுல என்ன அச்சடிச்சிருக்குங்கிறது பெருசு இல்ல, தினமும் என்ன வேலை செஞ்சார்ங்கிறதுதான் பெருசு.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்? 2025 ஜூலையில அதே நிறுவனம் உலக அளவுல சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சுது. மொத்த ஆள்ல ஏறக்குறைய 2 சதவீதம். பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகள்ல இருக்கிறவங்க. அதாவது "மேனேஜர்"னு பேர் வாங்கினவங்க. அதே வருஷம் நவம்பர் 21-ல பழைய தொழில் தகராறு சட்டத்தோட இடத்துக்குப் புதுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துச்சு. சட்டத்தோட பேர் மாறினாலும், தொழில்நுட்ப வேலை செய்யறவர் தொழிலாளிங்கிறது அதுலயும் இருக்கு.

"நான் திறமையால வந்தேன்"

கடைசியா ஒரு விஷயம். நம்ம ஃபீல்டுல அடிக்கடி கேட்கிற வாக்கியம்: "எனக்கு அரசியல் எதுவும் செய்யல, நான் என் திறமையால வந்தேன்." திறமையை நான் குறைச்சுச் சொல்லல. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் உடைஞ்சா உட்கார்ந்து சரி பண்றது திறமைதான்.

ஆனா கணக்குப் பாருங்க. இன்ஜினீயரிங் சேர நுழைவுத் தேர்வை தமிழ்நாடு எடுத்தது, 2007-ல இருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆச்சு. 69 சதவீத இடஒதுக்கீடு. 2010-ல முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2021-ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங்லயும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. இது ஒவ்வொண்ணும் சட்டமன்றத்துல, கோர்ட்டுல, தெருவுல சண்டை போட்டு வந்தது. செஞ்சியில இருந்தும் திண்டிவனத்துல இருந்தும் முதல் தலைமுறையா படிச்சு சோழிங்கநல்லூர்ல பிஜி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒருத்தர் "அரசியல் எனக்கு எதுவும் செய்யல"ன்னு சொன்னா, கணக்குல ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம். இன்னொரு பக்கம், பரம்பரையா படிச்ச குடும்பத்துல இருந்து வர்றவருக்கு அந்த வசதி கண்ணுக்கே தெரியாது, அது திறமையாவே தெரியும். ஐஐடி மெட்ராஸை வச்சு அஜந்தா சுப்ரமணியன் 2019-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. தகுதிங்கிற சொல்லுக்குள்ள சாதி எப்படி ஒளிஞ்சுக்குதுங்கிறதுதான் அதோட மையம். அதை ஒத்துக்கலாம், மறுக்கலாம். ஆனா படிக்காம மறுக்காதீங்க.

புரோகிராமர்களோட அரசியல் சாய்வு என்னன்னு திரும்பக் கேட்டா, என் பதில் இது. எல்லாப் பக்கமும் சாயறவங்க இருக்காங்க. சாதி, ஊர், வீட்டுல எந்தப் பேப்பர் வாங்கினாங்க, இதெல்லாம்தான் ஓட்டைத் தீர்மானிக்குது, ஜாவாவும் பைத்தானும் இல்ல. ஆனா தொழில் தனியா சில கேள்விகளைக் கொண்டு வருது. எழுதின கோட் யாருக்குச் சொந்தம்? கத்துக்கிட்டதை இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? வேலையை விட்டு எடுக்கும்போது உங்க பக்கத்துல யார் நிப்பாங்க? இதுல ஒரு திமுககாரரும் ஒரு பிஜேபிகாரரும் ஒரே பக்கம் நிக்க முடியும். 2015-ல இணையச் சமநிலைக்காக அப்படித்தான் நின்னாங்க. பத்து லட்சத்துக்கும் மேல மின்னஞ்சல் டிராய்க்குப் போச்சு. அனுப்பினவங்கள்ல ஸ்டார்ட்அப் முதலாளியும் இருந்தார், லினக்ஸ் தோழரும் இருந்தார், அரசியலே வேணாம்னு சொல்ற நம்ம ஆளும் இருந்தார். 2016 பிப்ரவரி 8-ல தனித்தனி விலை வைக்கக் கூடாதுன்னு டிராய் உத்தரவு போட்டுச்சு. ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில நின்னு போச்சு.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. சேர்ந்த அன்னைக்குப் படிக்காமயே கையெழுத்துப் போட்டிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான். அதுல உங்க பதவிப் பேர் என்ன, நோட்டீஸ் எத்தனை நாள், ஆபீஸ் நேரத்துக்கு வெளிய நீங்க எழுதற கோட் யாருக்குச் சொந்தம்னு போட்டிருக்கான்னு பாருங்க. பார்த்துட்டு பக்கத்து சீட்ல இருக்கிறவர்கிட்டயும் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டே அதைப் பத்திப் பேசுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.